வால் மட்டும் தைத்த மீன்

அந்த வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நோண்டி என்றுதான் அழைப்பார்கள். சின்ன வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தபோது கிடைத்த பட்டம் அது. அந்தக் கடிகாரம் அப்புறம் ஓடியதா என்று மட்டும் கேட்கக் கூடாது. இப்போது ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். வருகிறவர்களின் வாயைத் தவிர வேறெதையும் அங்கே நோண்ட முடியாது என்பதால், மிச்ச ஆசையையெல்லாம் விடுமுறை நாளில் வீட்டில் தீர்த்துக்கொள்வாள்.

அன்றைக்கு விடுமுறை. மாடி அறையில் கம்ப்யூட்டர் பக்கவாட்டுத் தகடு கழற்றப்பட்டு வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போர்வை போர்த்திய எம்பிராய்டரி மிஷின். அது அண்ணியின் மிஷின். கல்யாணத்துக்கு முன்பே சம்பாதித்து வாங்கியது, இந்த வீட்டுக்கு அவளோடு கூடவே வந்தது. சாயங்காலம் அதை எடுத்துப் போக ஒரு தையல்கடைக்காரர் வண்டியோடு வருவதாக இருந்தது. வரச் சொன்னவன் அண்ணன்.

மிஷின் நல்ல உழைப்பாளி, ஆனால் ஞாபகமறதி. எந்தப் படத்தையும் மனதில் வைத்துக்கொள்ளாது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு தையலாக ஊட்ட ஊட்டத்தான் தைக்கும். ஊட்டுவது ஒரு தடித்த பழைய கேபிள். நீச்சல் கிளப் சட்டை ஒன்றில் மீன் ஓடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கம்ப்யூட்டரின் எல்லாப் பாகங்களையும் தாங்கும் மதர்போர்டு செத்துப்போனது. வால் தைத்த கையோடு மிஷினும் நின்றது. நோண்டி புது மதர்போர்டு வாங்கித் தானே பொருத்தினாள். பொருத்தி முடித்த பிறகுதான், பழைய கேபிளைச் செருகப் புது போர்டில் இடமே இல்லை என்று தெரிந்தது. அதற்கென்று ஒரு கார்டு இருக்கிறது, போர்டில் உள்ள ஸ்லாட்டில் செருகினால் போதும், வரவழைத்துவிடலாம் என்றாள். கார்டு வருவதற்குள் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. ஆள் பார்த்துப் பேசி முடித்துவிட்டான்.

அண்ணி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நோண்டிக்குப் புதிராக இருந்தது அதுதான். தண்ணீர்க் குழாய் சொட்டினாலே குழாயோடு சண்டை போடுகிறவள் அண்ணி. அவள் பேசாமல் மிஷினைத் துடைத்தாள், எண்ணெய் விட்டாள், போர்வை போர்த்தினாள். அந்தச் சட்டையை மட்டும், துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்திலிருந்து கழற்றவில்லை. போர்வைக்குள்ளே மீன் தலையில்லாமல் காத்திருந்தது.

"அவருக்கு இது என் பொழுதுபோக்கு. அவ்வளவுதான்," என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

கார்டு காலையில் வந்து சேர்ந்தது. விரல் நீளம்தான் இருக்கும். பெரிய ஸ்லாட்டில் திரைக்கான கார்டு ஏற்கனவே சட்டமாக உட்கார்ந்திருந்தது, அதை எழுப்பினால் திரையே வராது. கீழே இருந்த சின்ன ஸ்லாட்டில் புதியதைச் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டாள். எல்லாம் வந்தது. கார்டு மட்டும் வரவில்லை. உள்ளே இருக்கும் பொருட்களின் பட்டியலில் மேலிருந்து கீழே தேடினாள், கீழிருந்து மேலே தேடினாள். கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன சொந்தக்காரன் மாதிரி அது எங்கேயும் இல்லை.

கழற்றிச் செருகினாள். ரப்பர் வைத்து அதன் தங்கப் பற்களைத் தேய்த்தாள். பல் தேய்ப்பதில் அவளுக்குக் கை பழகியிருந்தது. கார்டோடு வந்த மென்பொருளை ஏற்றினாள். அதுவும் எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டு, கார்டைக் காணோமே என்று அவளையே திருப்பிக் கேட்டது. கடைசியில் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனை பிரிண்ட் கடைக்குப் போனாள். கடைக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு தன் கம்ப்யூட்டரைத் திறக்கவிட்டார். அங்கே செருகியவுடனே கார்டு "உள்ளேன் ஐயா" என்றது.

ஆகக் குற்றம் கார்டின் மேல் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தானும் அப்படித்தான் பேசுகிறோமோ என்ற சந்தேகம் வர, கடைக்காரரிடம் வேறொரு நல்ல கார்டை இரவல் வாங்கிவந்து வீட்டு ஸ்லாட்டில் செருகிப் பார்த்தாள். அதையும் போர்டு கண்டுகொள்ளவில்லை. சரி, கூடம் கோணல்தான்.

அண்ணி டீயோடு மாடிக்கு வந்தாள். நிலவரத்தைக் கேட்டுவிட்டு டம்ளரை ஜன்னலில் வைத்தாள்.

"விடு. எதுக்கு இத்தனை பாடு?"

"ஸ்லாட் செத்திருந்தா விட்டுடலாம் அண்ணி. ஆனா இது செத்த மாதிரி தெரியல."

வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் போர்டைத் திருப்பி அனுப்பப் பெட்டி தேடியிருப்பார்கள். நோண்டிக்கோ ஆர்வம் முற்றிவிட்டது. கம்ப்யூட்டர் விழிக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்தி, போர்டின் சொந்த அமைப்புத் திரைக்குள் போனாள். ஸ்லாட்டுகளின் வரிசை அங்கே இருந்தது. பெரிய ஸ்லாட்டின் வரி பளிச்சென்று இருந்தது. சின்ன ஸ்லாட்டின் வரி மட்டும் மங்கிப்போய், அம்புக்குறியை எப்படி நகர்த்தினாலும் அதன் மேல் நிற்காமல் தாண்டிக்கொண்டு போனது. செத்த ஸ்லாட் என்றால் காலி என்றல்லவா காட்ட வேண்டும்? இதை யாரோ வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது?

அடுத்த பக்கத்துக்குப் போனவள் அப்படியே நின்றாள். சேமிப்பு என்ற தலைப்பில் இரண்டு பொருட்கள் இருந்தன. ஒன்று பழைய கம்ப்யூட்டரிலிருந்து அவளே கழற்றி மாட்டிய டிஸ்க். இன்னொன்று புத்தம்புதிது, உள்ளே ஒன்றுமே எழுதப்படாதது. அதை அவள் வாங்கவில்லை, மாட்டவும் இல்லை.

"அண்ணி, நீங்க ஏதாவது உள்ள வச்சீங்களா?"

"நான் அதுல தூசி தட்டவே பயப்படறவ."

நோண்டி மின்சாரத்தை நிறுத்திவிட்டு டார்ச்சை எடுத்தாள். டார்ச்சின் பின்மூடி கழன்று விழாமல் ஒரு நீல வட்ட ஸ்டிக்கர் பிடித்துக்கொண்டிருந்தது. அது அண்ணனின் கைவண்ணம். அவன் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். தேய்க்கும்போது லென்ஸ் நழுவாமல் இருக்க, இரண்டு பக்கமும் பசையுள்ள இந்த ஸ்டிக்கரைத்தான் ஒட்டுவார்கள். அண்ணனுக்கு ஆணி, திருகு, கயிறு எல்லாமே அதுதான். ரிமோட்டில் ஒன்று, குளியலறைக் கண்ணாடியில் ஒன்று, அண்ணியின் செருப்பில்கூட ஒன்று உண்டு.

டார்ச்சோடு, பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும் திரைக் கார்டுக்கு அடியில் நீட்டினாள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அந்த இடுக்கில், போர்டோடு போர்டாக ஒரு மெல்லிய பட்டை படுத்திருந்தது. எஸ்எஸ்டி, டிஸ்க் செய்கிற வேலையையே செய்யும் புதுச் சேமிப்புப் பட்டை. இப்படிப்பட்டதை ஒரு குட்டித் திருகு போட்டுத்தான் இறுக்குவார்கள். இதில் திருகு இல்லை. போர்டோடு வந்த திருகுப் பொட்டலம் பிரிக்காமல் மேஜை மேலேயே கிடந்தது. பட்டையின் நுனியை அழுத்திப் பிடித்திருந்தது ஒரு நீல வட்டம்.

 நோண்டி திரைக் கார்டைக் கழற்றி, பட்டையை மெதுவாக உருவி எடுத்துவிட்டு, கார்டுகளை மறுபடி செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டாள். சின்ன ஸ்லாட்டின் வரி பளிச்சென்று எரிந்தது. கார்டு வந்துவிட்டது. பட்டையைத் திரும்ப வைத்தாள், கார்டைக் காணோம். எடுத்தாள், கார்டு வந்தது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். காரியம் முடிந்த பிறகும் இன்னொரு தடவை வைத்து எடுத்துப் பார்த்தாள், பட்டம் சும்மா கிடைக்கவில்லை.

"என்னதான் அது?" என்று அண்ணி கிட்டே வந்தாள்.

இரண்டுக்கும் போர்டில் ஒரே வழிதான் என்று நோண்டி விளக்கினாள். நம் வீட்டுக் குளியலறை மாதிரி, ஒருத்தர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் மற்றவர் வெளியே நிற்க வேண்டியதுதான். அந்தப் பட்டை முந்திக்கொண்டது, கார்டு தெருவில் நின்றது. சொல்லிவிட்டு, விரல் நுனியில் ஒட்டியிருந்த நீல வட்டத்தை அண்ணியின் முன்னால் நீட்டினாள்.

அண்ணி அதைத் தன் விரலில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

"அந்தப் பட்டை எதுக்கு ஆகும்?"

"டிசைன் எல்லாம் வச்சுக்க. பழைய டிஸ்க்ல இடமே இல்ல, ஒவ்வொரு படத்தையும் அழிச்சு அழிச்சு வைக்கிறேன்னு நீங்கதானே புலம்பினீங்க."

புலம்பியது உண்மை. சாப்பிடும்போது புலம்பியது. அன்றைக்கு அண்ணன் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. சுவரிடம் சொன்னாலும் எதிரொலியாவது கேட்டிருக்கும் என்று அண்ணி அப்போது நினைத்திருந்தாள். போர்டு பொருத்திய மறுநாள், ஜன்னல் சாத்தியிருக்கிறதா பார்க்கிறேன் என்று அவன் மாடிக்குப் போய் ரொம்ப நேரம் இறங்கி வராததும் இப்போது ஞாபகம் வந்தது.

அந்தக் குடும்பத்தின் வழக்கமே அதுதான். திட்டுவதைத் தெருவுக்கே கேட்கத் திட்டுவார்கள், கொடுப்பதைத் திருட்டு மாதிரிக் கொடுப்பார்கள். நல்லது செய்யப் போய்ப் பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது.

"இதையும் வாங்கி வச்சுட்டு, மிஷினை எதுக்கு விக்கணும்?" என்றாள் அண்ணி. நோண்டியிடம் கேட்ட கேள்வி இல்லை அது.

போர்டின் மேல் பக்கம் ஒரு தகட்டுக்கு அடியில் இதே மாதிரிப் பட்டைக்கு இன்னொரு இடம் இருந்தது. அதற்குத் தனி வழி. தகடு மூடியிருந்ததால் அண்ணன் அதைப் பார்க்கவில்லை. நோண்டி பொட்டலத்தைப் பிரித்துச் சரியான திருகைப் போட்டுப் பட்டையை அங்கே இறுக்கினாள். இந்தத் தடவை இரண்டும் வந்தன. கேபிளைச் செருகினாள். அண்ணி போர்வையை உருவிக் கடாசிவிட்டு, விட்ட தையலைத் திரையில் தேடிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினாள். ஊசி ஒரு முறை தயங்கியது. பிறகு கடகடவென்று மீனுக்கு உடம்பு போட ஆரம்பித்தது.

செதில்கள் முடிகிற சமயத்தில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அண்ணன் முன்னால் ஏறி வந்தான், பின்னால் தையல்கடைக்காரர். ஓடுகிற மிஷினைப் பார்த்து அண்ணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். தையல்கடைக்காரருக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"ரிப்பேர்னு சொன்னீங்க. நல்லா ஓடுதே. ரொம்ப சந்தோஷம், இப்பவே ஏத்திடலாம்."

நோண்டிக்குப் பகீரென்றது. மிஷின் ஓடிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தாளே தவிர, ஓடுகிற மிஷினை இன்னும் ஆசையாகத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அண்ணி திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள். விரலில் நீல வட்டம் இருந்தது.

"வாங்கி வச்சதை வாயைத் திறந்து சொல்லியிருந்தா, இந்த மீனுக்குக் காலையிலயே தலை வந்திருக்கும்."

தன் பரிசுதான் வழியை மறித்தது என்பது அண்ணனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதை நோண்டி தணிந்த குரலில் சொல்ல வேண்டியிருந்தது. அவன் காது சிவந்துவிட்டது.

"சொன்னா, திருப்பிக் குடுத்துட்டு வாங்கன்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன். அப்புறம் வச்சுக்கிட்டிருப்பேன்." அண்ணி இப்போது திரும்பினாள். "வித்துடலாம்னு எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?"

தையல்கடைக்காரர் சுவரைப் பார்த்தார். அந்நிய மனிதர் ஒருவர் நிற்கிறார் என்பதை அண்ணன் மறந்தே போனான்.

"தினமும் இதைத் துடைச்சுட்டு வந்து பேசாம உட்கார்ந்துக்கற. சண்டைகூடப் போடமாட்டேங்கற. அதை என்னால பாக்க முடியல. கண்ணுல படாம இருந்தா உனக்கு மறந்துடும்னு நினைச்சேன்."

அண்ணன் தையல்கடைக்காரர் பக்கம் திரும்பி, இது விற்பதற்கில்லை, வீணாக அலைய வைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இதை ஒரு போனில் சொல்லியிருக்கலாமே என்று முணுமுணுத்தபடி படியிறங்கினார். அவர் சொன்னது நியாயம்தான்.

மிஷின் நின்றது. இந்தத் தடவை பழுதினால் இல்லை. மீனின் கண்ணுக்கு நூல் மாற்ற வேண்டும். அண்ணி கறுப்பு நூல்கண்டை எடுத்தாள். இத்தனை வருடத்தில் அந்த மிஷினை விரலால்கூடத் தொடாத புருஷனிடம் அதை நீட்டினாள்.

"கோத்துக் குடுங்க. ஸ்டிக்கர் போட்டு ஒட்டிடாதீங்க."

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நூல் நுனியை ஈரப்படுத்திக்கொண்டு, ஊசிக்கு முன்னால் குனிந்தான்.