வட்டம் சுற்றும் நேரம்

மூன்று எஸ்.டி.கே.க்களில் எது நமக்குச் சரிவரும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார் ரகுபதி சார். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி எங்களுடையது. அதன் ஐ.டி. பிரிவு என்பது அவரும் நானும், வெயில் ஏறினால் படுத்துவிடுகிற ஒரு சர்வரும்தான். லைனில் ஒவ்வொரு பாகத்தையும் ஸ்கேன் செய்ததும் ஆப் அதை டேட்டாபேஸில் எழுத வேண்டும். எழுதி முடித்தால்தான் அடுத்த ட்ரே நகரும். அதுவரை திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆப்பையும் டேட்டாபேஸையும் இணைக்கிற எஸ்.டி.கே. என்ற மென்பொருள் தொகுப்பு அரதப்பழசு. அதைத்தான் மாற்ற வேண்டும்.

மாப்பிள்ளை பார்ப்பது போலத்தான் இதுவும். ஒன்று விலை அதிகம், கூப்பிட்டால் ஆள் வரும். இரண்டாவது இலவசம், சிக்கல் வந்தால் முன்பின் தெரியாதவர்கள் எழுதிவைத்ததைத் தேடிப் படித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, இப்போது இருப்பதன் புதிய பதிப்பு. நம்பலாம், ஆனால் ஏறக்குறைய அதே சுற்றல். கண் எரிய எரிய மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். இலவசம்தான் ஜெயித்தது. புதன்கிழமை அதை ஒரு லைனில் போட்டோம். வட்டம் எட்டிப் பார்ப்பதற்குள் காணாமல் போனது. சூப்பர்வைசர் கை குலுக்கினார். எனக்கும் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது.

அந்த லைனில்தான் என் அண்ணி மஞ்சுளா நிற்கிறாள். ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவள், லீவு முடிந்து போன மாதம்தான் திரும்பியிருந்தாள். சாயங்காலம் சேரப்பணஞ்சேரிக்குத் திரும்புகிற கம்பெனி பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடியே கேட்டாள்.

"இன்னா பிரியா, இன்னிக்கு அது சுத்தவே இல்ல?"

"புதுசு போட்டேன் அண்ணி. நல்லா இருக்கா?"

"நல்லாதான் கீது." ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் கொடுத்துக்கொண்டாள். "அது சுத்தும்போதுதான் இடுப்ப நிமித்துவேன். இன்னிக்கு நிமித்தவே வுடல."

குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரிச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் பிள்ளையைத் தூக்க முடியாமல், படுத்தபடியே பால் கொடுத்தாள். எதையும் வேகமாக்கினால் நல்லது என்றுதான் படித்திருக்கிறேன். யாருக்கு என்று ஒரு பரீட்சையிலும் கேட்டதில்லை.

ரகுபதி சாரின் அறை மாடியில். கண்ணாடித் தடுப்பு வழியே கீழே லைன் தெரியும். சோதனை முடிந்து பழையதையே திரும்பப் போட்டிருந்தோம்.

"மூணாவதே போதும் சார்," என்றேன் வெள்ளிக்கிழமை.

அவர் கண்களைத் தேய்த்துக்கொண்டார். மேலே இருந்து அவருக்கும் நெருக்கடி. "புதன்கிழமை ரிசல்ட் வேற மாதிரி இருந்ததே?"

நெட்வொர்க், பாதுகாப்பு என்று ஏதேதோ தயார் செய்துகொண்டு போயிருந்தேன். பொய் சொல்லவும் தெம்பு வேண்டும், அன்று அது இல்லை. தவிர, அவர் நல்ல மனிதர். நின்றே வேலை செய்கிறார்களே என்று லைனுக்கு ரப்பர் பாய் கேட்டு வாங்கிப் போட்டவர். அவரை நம்பி உண்மையையே சொல்லிவிட்டேன்.

"அது சுத்துற நேரத்துலதான் சார் அவங்க இடுப்ப நிமித்துறாங்க. ஒரு வாய் தண்ணி குடிக்கிறாங்க. வேற நேரமே கிடையாது."

"எல்லாருமேவா?"

"எல்லாரும்தான் சார்."

"ஒவ்வொரு ட்ரேக்குமா?"

அவர் குரலில் கோபமே இல்லை. வராத கணக்குக்கு விடை கிடைத்தவரின் நிம்மதிதான் இருந்தது. எழுந்து தடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இத்தன வருஷமா சுத்துதுன்னு ஒருத்தர்கூட கம்ப்ளெயின்ட் பண்ணலையேன்னு நெனச்சிருக்கேன், சத்யப்பிரியா," என்றார்.

காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

கீழே ட்ரேக்கள் நின்றன. அண்ணி ஒரு கையை இடுப்பில் ஊன்றி மெல்ல நிமிர்ந்து, கண்களை மூடினாள். ரகுபதி சார் அவளையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.