'வேண்டாம்' பனியன்

ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. அதிபர் இரண்டு முறைக்கு மேல் ஆளக்கூடாது என்கிறது அவர்கள் அரசியலமைப்புச் சட்டம். அதைத் திருத்தி மூன்றாம் முறையும் உட்கார அவருக்கு ஆசை. மக்களிடம் ஓட்டெடுப்பு என்று அறிவித்தார். எதிர்க்கட்சிக்காக, பிரெஞ்சில் 'வேண்டாம்' என்று அச்சடித்த பனியன்களைப் பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் நாங்கள்தான் தைத்தோம். சரக்கு கிளம்பும் முன்பே அந்தக் கட்சியைத் தடை செய்துவிட்டார்கள். ஆர்டர் கேன்சல். எங்கள் ஓனர் ஈஸ்வரமூர்த்தி அவற்றைத் தீபாவளிக்கு எங்களுக்கே கொடுத்தார். பெரிய மனசு! பஞ்சுத்தூசி படாமலிருக்கச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டோம்.

அடுத்து அதிபர் கட்சியின் ஆர்டர் வந்தது: 'வெற்றி தந்த மக்களுக்கு நன்றி.'

"ஓட்டுப் போட்டு முடிச்சிட்டாங்களா ஓனர்?" என்று கேட்டேன்.

"இல்லீங்க, அடுத்த மாசந்தான். அதுக்குள்ள சரக்கு போய்ச் சேரோணுமில்லீங்க? இனி ஞாயித்துக்கெழமையும் வந்துருங்க கண்ணு. ஆருக்காச்சும் வேண்டாம்னு இருந்தா இப்பவே சொல்லீருங்க."

மெஷின்கள் நின்றன. தையல் லைன் முழுக்க ஒவ்வொரு நெஞ்சிலும் 'வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

முதலில் "சரிங்க" என்றது நான்தான்.