பானட்டில் ஒட்டிய கை

மருந்துக் கம்பெனி விற்பனையாளரின் வலது கை, அவருடைய காரின் பானட்டில் ஒட்டிக்கொண்டு மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. கை ஒட்டிய அந்தக் கோடையில் வாசல் மரம் வழக்கத்தைவிட அதிகமாகப் பிசின் சொட்டியது. ஒரு நாள் உச்சி வெயிலில், மறுநாள் கிளம்பவேண்டிய இருபத்தைந்து நாள் பயணத்தைப் பற்றி ஃபோனில் பேசிக்கொண்டே அவர் பானட்டில் கையை ஊன்றினார். பேச்சு முடிய அரை மணி நேரமாயிற்று. அதற்குள் பிசின் கல்லாக இறுகிவிட்டது. மனைவி சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள், பிறகு எண்ணெய் கொண்டுவந்தாள், கடைசியில் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கையைச் சுற்றித் தகரத்தை வெட்டி எடுத்துவிடலாம் என்றார். வண்டி வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்ததால் விற்பனையாளரே அதற்குச் சம்மதிக்கவில்லை.

முதல் வாரம் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. இரண்டாவது வாரம் போகிற வருகிறவர்கள் அவரிடம் மணி கேட்டுவிட்டுப் போனார்கள். மனைவி அவருடைய சட்டைகளின் வலது கையைப் பிரித்துப் பட்டன் வைத்துத் தைத்தாள். மடக்குக் கட்டில் வந்தது, குளிக்கத் தோட்டத்துக் குழாய் வந்தது. மழைக்காலத்தில் மரம் ஒரு கிளையைத் தாழ்த்தி அவர் தலைக்கு மேல் வைத்துக்கொண்டது. கம்பெனி அவரைத் தொலைபேசிப் பிரிவுக்கு மாற்றியது. இரண்டாம் வருடம் அவருடைய வலது கை நகங்கள் காரின் நீலத்துக்கு மாறின. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட மனைவி நடை வேகத்தில் வண்டியை ஓட்டுவாள், அவர் கூடவே நடப்பார். ஒருமுறை போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். என்ன குற்றம் எழுதுவது என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, ஹெல்மெட் போட்டுக்கொள்ளச் சொல்லிப் போய்விட்டார்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கை ஒட்டுவதற்கு முன், கல்யாணமான ஒன்பது வருடத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களையெல்லாம் சேர்த்தால் இரண்டு வருடம்கூடத் தேறாது. மற்ற நாட்களில் ஏதோ ஒரு விடுதியிலிருந்து ஃபோன் வரும், சாப்பிட்டாயா என்று கேட்கும், வைத்துவிடும். இப்போது அவள் வேலை முடிந்து திரும்பினால் வாசலிலேயே இருந்தார். ஒன்பது வருடமாகப் பாக்கி கிடந்த சண்டைகளை முதல் மூன்று மாதத்தில் போட்டுத் தீர்த்தார்கள். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போக அவருக்கு வழியில்லாததால் ஒவ்வொன்றும் ஒரு முடிவுக்கு வந்தது. மகள் பானட்டின் மேல் நோட்டை விரித்து எழுதும்போதுதான் அவள் இடதுகைக்காரி என்பதே அவருக்குத் தெரிந்தது. மனைவிக்குச் சந்தோஷமாக இருந்தது. கட்டிய புருஷன் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்போது சந்தோஷப்படுவது நியாயமில்லை என்று தெரிந்தும் சந்தோஷமாகவே இருந்தது.

பிறகு கம்பெனி விற்பனைக்குப் புதிதாக ஒரு பெரிய பகுதியைத் திறந்தது. மாதத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வரலாம். அவரைவிட்டால் ஆளில்லை என்று சொல்லிக் கறைக்காரம்மாவை அனுப்பிவைத்தது. இருபது வருடமாக வண்டிகளில் பிசினும் தாரும் பறவை எச்சமும் எடுக்கிறவள், ஒரு கீறல் விழுந்ததில்லை என்று பேர். வந்தவள் பானட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

“மூணு வருஷமா என்னைக் கூப்பிடணும்னு யாருக்கும் தோணலையா?”

“உங்க நம்பர் கிடைக்கலைங்க” என்றாள் மனைவி. அந்த நம்பர் இரண்டு வருடமாக அவளுடைய கைப்பையில் இருந்தது.

சூடான தகரத்தில் கை வைக்கக் கூடாது என்று கறைக்காரம்மா வண்டியை முதலில் நிழலுக்கு நகர்த்தினாள். தகரம் ஆறியதும் வெந்நீரில் நனைத்த துணியை ஒவ்வொரு விரலாகச் சுற்றி, பிசின் இளகியபின் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றினாள். எங்கேயும் சுரண்டவில்லை, அழுத்தித் தேய்க்கவில்லை. சுண்டுவிரலுக்கே ஒரு நாள் ஆயிற்று. வெந்நீர் போட்டுப் போட்டுக் கொடுத்தவள் மனைவிதான். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கை வந்துவிட்டது. கை இருந்த இடத்தில் பெயின்ட் வண்டி வாங்கிய அன்று போல இருந்தது, சுற்றிலும் வெயிலில் வெளுத்திருந்தது. அந்த வித்தியாசத்தை மட்டும் எந்தப் பாலிஷாலும் சரிக்கட்ட முடியாது என்று கறைக்காரம்மா சொன்னாள். அவர் அதைக் கேட்கவில்லை. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு வலது கையாலேயே கம்பெனிக்கு ஃபோன் போட்டார்.

நாலு மணிக்கு ரயில். மனைவி பட்டன் வைக்காத பழைய சட்டைகளைத் தேடியெடுத்துப் பெட்டியில் அடுக்கினாள். வண்டியை யாரோ பழைய இடத்துக்கே தள்ளி விட்டிருந்தார்கள். அவள் வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு, பானட் கொதித்தது, புதுப் பிசின் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தன் வலது கையை அந்தத் தடத்துக்குள் வைத்தாள். சுற்றிலும் ஒரு விரலகலம் இடம் மிச்சமிருந்தது. கை எரிந்தது. எடுக்கவில்லை.

“கிளம்புறேன், உள்ள வா” என்றார் அவர், பெட்டியோடு வந்து.

“வர முடியாதுங்க. ஒட்டிக்கிச்சு.”

அவர் இழுத்துப் பார்த்தார். கைகழுவிவிட்டு வந்த கறைக்காரம்மாவைப் பார்த்தார். அவள் குனிந்து மனைவியின் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள், அங்கே கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

“இது புதுப் பிசின் சார். இதை எடுக்குற மருந்து எங்கிட்ட இல்ல” என்று சொல்லித் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புதுப் பிசின்தான் சுலபம் என்பது அந்தத் தொழிலில் முதல் நாளே படிக்கிற பாடம்.

மறுவாரம் பரிசோதனைக் கூடம் ஒரு மைக்ராஸ்கோப்பை அனுப்பி, மனைவி பானட்டின் மேலேயே வேலை பார்க்க ஏற்பாடு செய்தது. பெரிய பகுதிக்கு வேறு ஆள் போனான். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று அவர் பெட்டியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். ரயில் நேரத்தைச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார். உப்பு எங்கே, பருப்பு எங்கே என்று உள்ளேயிருந்து கேட்டுக் கேட்டு, அவள் வாசலிலிருந்து சொல்லச் சொல்ல, மூன்று மணிக்கு ஒரு தட்டோடு வந்தார். முதல் கவளத்தை ஊட்டினார்.

“உப்பு ஜாஸ்தி” என்றாள் அவள், மென்றுகொண்டே. “நாளைக்குக் குறைச்சுப் போடுங்க.”

“சரி” என்றார் அவர்.