பதினெட்டு வீட்டு மீன்தொட்டி

என் தம்பி எந்தச் செலவையும் வீட்டுக் கணக்கில்தான் சொல்வான். கரப்பானுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் மருந்து அடிக்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. மாதச் சம்பளம் அவன் மகளுக்கும் அவள் அம்மாவுக்கும் எங்கள் வாடகைக்கும் சரியாகப் போய்விடும். அதற்கு மேல் காசு வேண்டுமென்றால் சாயங்காலத்தில் கூடுதலாக வீடு எடுத்து அடிக்க வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பார்கள். அதனால் அவனுக்குச் செருப்பு என்றால் அரை வீடு, பல் பிடுங்கினால் இரண்டு வீடு.

"அக்கா, செடி வெச்ச மீன்தொட்டி ஒண்ணுக்கு இருபத்திரண்டு வீடு ஆகும் போல."

நான் யாருடைய பேன்ட்டுக்கோ இடுப்பு பிரித்துக்கொண்டிருந்தேன். துணி மாற்றித் தைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தேன்.

"உனக்கு மறை கிறை கழண்டுடுச்சா? பிரிட்ஜ் கதவு நாலு மாசமா கயித்துல தொங்குது. அதை மாத்த வக்கில்ல, மீனுக்கு வீடு கட்டப் போறியா?"

"வாலுக்குடா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னான். அக்காவை 'டா' போட்டுக் கூப்பிட்டதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. நானும் கத்தரிக்கோலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

வாலு அவன் மகள். பத்து வயது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அலமாரி மேல் ஏறுவதும் ஜன்னல் கம்பியில் தொங்குவதுமாக இருந்ததால் நான் வைத்த பெயர் அது. அவள் அம்மா இவனோடு ஒத்துவராமல் பிரிந்து போன பிறகு, வாலு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இங்கே வருவாள். வந்தால் ஷூவைக் கழற்ற மாட்டாள். சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். இவன் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்ப்பான். குரங்கு மாதிரி முகத்தைக்கூடக் கோணிக் காட்டுவான். அவள் ஒரு மரியாதைக்குச் சிரித்துவிட்டு, "அத்தை, மணி என்ன?" என்று என்னிடம் கேட்பாள்.

இதற்கு நடுவில்தான் அவள் அம்மா ஒரு நாள் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன், முடிந்த மட்டும் பொறுத்துப் பார்த்தவள்தான். "பரீட்சை முடிஞ்சதும் நாங்க வேற ஊருக்கு மாறிப் போறோம் அண்ணி. லீவுக்கு இங்க வந்து தங்கணுமா வேண்டாமான்னு அவளே சொல்லட்டும். வரேன்னா கொண்டு வந்து விடறேன். இல்லைன்னா நான் இழுத்துட்டு வர மாட்டேன்."

அவள் என்ன சொல்வாள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்துதான் இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாலுக்குப் பல் வலி என்று டாக்டரிடம் கூட்டிப் போனான். அங்கே காத்திருக்கிற அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அடியில் பச்சைப் புல் விரித்த மாதிரி செடி, நடுவே ஒரு மரக்கட்டை, சின்னச் சின்ன மீன். அவள் பெயரைக் கூப்பிட்டும் அவள் அந்தக் கண்ணாடியை விட்டு வரவில்லையாம். "அப்பா, அங்க பாரு, இறாலு கையால சாப்பிடுது" என்று இவன் சட்டையைப் பிடித்து இழுத்தாளாம். சட்டையைப் பிடித்து இழுத்ததை மட்டும் அவன் என்னிடம் மூன்று தரம் சொன்னான்.

அப்புறம் என்ன, ஒற்றைக் காலில் நின்றான். தொட்டியும் மேசையும் ஆறு வீடு, விளக்கு மூன்று, தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மோட்டார் இரண்டு, செடி வளர்கிற மண் மூன்று, சூடு காட்டுகிற ஹீட்டர் ஒன்று, கல்லும் கட்டையும் ஒன்று, செடி நாலு, மீனும் இறாலும் இரண்டு. அவள் பரீட்சை முடிவதற்குள் அவனால் எப்படி உருண்டு புரண்டாலும் பதினெட்டு வீட்டுக்கு மேல் அடிக்க முடியாது. முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு நாலு மாடி ஏறி இறங்குகிறவனுக்கு முதுகென்று ஒன்று மிச்சம் இருக்க வேண்டுமே.

வண்ணமீன் கடைக்காரரிடம் நானும் கூடப் போனேன். இவனை விட்டால் கடையையே தூக்கிக் கொடுத்தாலும் பேரம் பேசாமல் தலையாட்டுவான். கடைக்காரர் காது மந்தமான பெரியவர். சுற்றிலும் ஓடுகிற மோட்டார் சத்தத்தில் யாருக்குத்தான் காது நிற்கும்.

"ஓரத்துல கீறல் விழுந்த தொட்டி ஒண்ணு இருக்கு தம்பி. ஒழுகாது, பார்க்கத்தான் கொஞ்சம் அசிங்கம். மூணுல ரெண்டு பங்கு விலைதான்" என்றார். கீறலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால் தீர்ந்தது. இரண்டு வீடு மிச்சம்.

"செடியில குறைக்க முடியாதாண்ணே?"

"முடியும். பொறுமை வேணும். ஒரே ஒரு கிண்ணம் செடி வாங்கு. அதைக் கிள்ளிக் கிள்ளி மண்ணுல நடு. தண்ணி ஊத்தாதே. மேல பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, காலையில சாயங்காலம் பனி மாதிரி தண்ணி தெளி. ஒண்ணரை மாசத்துல அதுவே பரவி அடி முழுக்க மூடிடும். அப்புறம் தொட்டியை நிரப்பிக்கலாம். மீனை மட்டும் அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாரம் கழிச்சு விடு. தண்ணி பழகணும்."

செடியில் மூன்று வீடு மிச்சம். அதில் ஒன்றைத் தண்ணீரைச் சோதிக்கிற மருந்துக்கு வைக்கச் சொன்னார் பெரியவர். ஆக பதினெட்டு. கணக்கு கச்சிதமாக விழுந்ததும் இவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் பாஸான பையன் தோற்றான்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் அந்தப் பதினெட்டையும் அடித்தான். செடியை நட்டபோது நான் சும்மா இருந்திருக்கலாம், வாய் சும்மா இருந்தால்தானே. "ஏண்டா, இது செடியா, யாரோ தாடி மழிச்சுக் கொட்டினதா?" என்றேன். அவ்வளவு பொடி. துணிக்குத் தண்ணீர் தெளிக்க நான் வைத்திருந்த பாட்டிலால் முதலில் தெளித்துப் பார்த்தான். அதில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் போய் விழுந்து, நட்டதெல்லாம் பிடுங்கிக்கொண்டு மிதந்தது. பாதி நாள் வேலை வீண்.

அவன் போய்த் தன் தெளிப்பானை எடுத்து வந்தான். கம்பெனியில் புதிது கொடுத்ததும் ஓரமாகப் போட்டு வைத்திருந்த பழையது. அதன் மூக்கு பித்தளை. கைப்பிடியை அழுத்தினால் தண்ணீர் விழுவதே கண்ணுக்குத் தெரியாது, காற்று ஈரமாகும், அவ்வளவுதான். அந்த விஷயத்தில் என் தம்பி கெட்டிக்காரன். சுவர் நனையாமல் சுவரில் மருந்து அடிப்பான் என்று அவன் மேஸ்திரியே சொல்லுவார்.

"டேய், அதுல மருந்துல்ல இருந்துச்சு?" என்று நான் கேட்டேன்.

"மூணு அலசு அலசிட்டேன்கா. எங்க தொழில்ல மூணு அலசு அலசினா சுத்தம். காலி மருந்து டப்பாவை அப்படி அலசித்தான் குப்பைக்கே போடணும்னு சட்டம்."

சோப்புப் போட்டு, வெந்நீர் விட்டு, குலுக்கிக் கொட்டியதை நானே பார்த்தேன். முகர்ந்துகூடக் காட்டினான். ஒரு வாசனையும் இல்லை. அந்தச் செடிகளும் வஞ்சனை இல்லாமல் வளர்ந்தன. தொட்டியின் அடி முழுக்கப் பச்சை விரித்துக்கொண்டது. தண்ணீரை நிரப்பி விளக்கைப் போட்ட அன்று, சொன்னால் என்ன, நானே தையலை விட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் சொன்ன வாரங்களைக் காத்திருந்து, தண்ணீரைச் சோதித்தும் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. பூச்சிமருந்தைக் காட்டுகிற சோதனை அந்தப் பெட்டியில் கிடையாது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

மீன் விடுகிற ஞாயிற்றுக்கிழமை வாலு உள்ளே வந்தாள், தொட்டியைப் பார்த்தாள், ஷூவை இரண்டு பக்கமும் உதறிவிட்டு ஓடினாள். "அப்பா, இது நீயே பண்ணினதா? பொய் சொல்லாத." நான் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எத்தனை நாள் கழித்துக் கேட்கிற சத்தம் அது.

மீனும் இறாலும் தண்ணீர்ப் பையில் இருந்தன. தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, ஒரு மணி நேரம் பழக்கிவிட்டுத்தான் தொட்டியில் விட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வாலுவே ஸ்பூனால் ஊற்றினாள். கடைசியில் பொறுக்காமல், "போதும்பா, பாவம், வெளிய விடலாம்" என்று பையைக் கவிழ்த்தாள். இவனும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டான். இறால்கள் செடி மேல் இறங்கி நின்றன. அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள்.

"லீவுக்கு வந்தா இதுங்களுக்கு நானே சாப்பாடு போடலாமா?"

"நீதான்மா போடணும்" என்றான்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் ஒரு இறால் மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம். மீன்கள் நேராக நீந்தாமல் சுழன்று சுழன்று போய்க் கண்ணாடியில் மோதின. இவன் சட்டைக் கையைக்கூட மடிக்காமல் தொட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக அள்ளி, வாளித் தண்ணீரில் விட்டான். அதிலும் செத்தன. வாலு அழவில்லை. எழுந்து போய் ஷூவைப் போட்டுக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். அவள் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போகும்போது, "சாரிப்பா" என்றாள். எதற்குச் சாரி என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மறுநாள் கடைக்காரரிடம் போனோம். நான் சண்டை போடத் தயாராகத்தான் போனேன். நோய்பிடித்த மீனை எங்கள் தலையில் கட்டிவிட்டார் என்று நினைப்பு. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வீட்டுல பூச்சிமருந்து ஏதாவது அடிச்சீங்களா?" என்றார்.

"வீட்டுல இல்லண்ணே" என்றான் தம்பி. அப்புறம்தான் தெளிப்பானைப் பற்றிச் சொன்னான், மூன்று அலசலையும் சேர்த்து.

"மனுஷனுக்கு மூணு அலசு போதும் தம்பி. இறாலுக்குப் போதாது. தெளிப்பான்ல இருக்கிற ரப்பர் குழாய் மருந்தைக் குடிச்சு வெச்சிருக்கும். நீ எத்தனை தடவை அலசினாலும் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டேதான் இருக்கும். அது முழுசாப் போகாது. ஒண்ணரை மாசம் அது உன் மண்ணுல இறங்கியிருக்கு."

அவர் ரப்பரைப் பற்றிச் சொன்னார். இந்த மடையன் அதைத் தன்னைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டான்.

அது எனக்கு உடனே புரியவில்லை. அடுத்த ஞாயிறு வரட்டுமா என்று வாலு போனில் கேட்டபோது, வேலை இருக்கிறது என்றான். அதற்கு அடுத்த ஞாயிறும் வேலை. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஞாயித்துக்கிழமை உனக்கு என்னடா வேலை? ஒட்டாத குழந்தையை வரவழைக்கத் தலையால தண்ணி குடிச்ச. இப்ப அதுவா வரேங்குது, வேண்டாங்கறியே!"

"நீ பார்த்தியேக்கா, எப்படித் துடிச்சுதுன்னு."

"அந்த ஆளு குழாயைச் சொன்னாருடா, உன்னை இல்ல."

"அந்தக் குழாயைப் பிடிச்சது எந்தக் கை? பதினஞ்சு வருஷமா இந்தக் கைதானே." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "கைக்குழந்தையா இருந்தப்ப அவளுக்குத் தூக்கம் வரலைன்னா என் விரலைத்தான் வாயில வெச்சுச் சப்பிக்கிட்டே தூங்குவா. அவ அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

நான் எவ்வளவோ சொன்னேன். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறாள், டாக்டரிடம் வேண்டுமானால் கேள், வேறு வேலை தேடு என்றேன். வேறு வேலைக்குப் போனால் அவளுக்கு மாதாமாதம் அனுப்புகிற பணத்தை யார் தருவார்கள் என்று கேட்டான். தொட்டியை மண்ணோடு, செடியோடு, யாரும் எடுத்துவிடக் கூடாது என்று உடைத்துத்தான் குப்பையில் போட்டான்.

அவர்கள் ஊர் மாறிப் போவதற்கு முன் வாலு எனக்குப் போன் செய்தாள். கையில் தையல் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். தம்பி எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அத்தை, அப்பாவுக்கு என் மேல கோபம்தானே?"

"சீ, ஏன் அப்படிச் சொல்ற?"

"நான்தானே சீக்கிரம் கவுத்து ஊத்தினேன். ஒரு மணி நேரம் இருக்கணும்னு சொன்னாங்க, நான் இருக்கல. அதனாலதான் செத்துப் போச்சு. அதனாலதான் அப்பா வரவேண்டாங்கறாரு."

"அதுங்க உன்னால சாகல கண்ணு."

"அப்ப யாரால?"

நான் தம்பியைப் பார்த்தேன். நீயே சொல்லு, சொல்லிவிட்டு அவளை வரச் சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவன் சாப்பாட்டுக் கையைத் துடைத்துவிட்டு, போனைத் தொடாமல், அதன் பக்கம் குனிந்தான்.

"அப்பாவாலதாம்மா. என் கையில பூச்சிமருந்து இருக்கு. அது தண்ணியில கலந்துடுச்சு."

"கழுவினா போகாதாப்பா?"

"போகாதும்மா."

"எப்பவுமேவா?"

அவன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"எப்பவுமேதான்" என்றான்.

பெரிய மனுஷி மாதிரி, "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.