வறுத்த மண்

அடையாற்றில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில், எந்த மண் வந்தாலும் முதலில் ஃபர்னஸ் உலையில் போட்டு வறுத்துவிட வேண்டும். அது அங்கே தலைவராக இருந்த இசக்கிமுத்து போட்ட சட்டம். வறுத்த பொடியை மயிரிழைக் கண்ணாடிக் குழலில் அடைத்து, மெழுகால் மூடி, கேமராவில் பூட்டி எக்ஸ்ரேயைப் பாய்ச்சினால் ஃபிலிமில் கோடுகள் விழும். கோடுகள் எங்கே விழுகின்றன என்று அளந்து, அது இன்ன களிமண் என்று சொல்லிவிடலாம். அபிராமபுரத்துக் களிமண் மைக்கா, அதாவது அபிரக வகையைச் சேர்ந்தது என்று அப்படித்தான் அவர் சொன்னார். அதற்காக டாக்டர் பட்டமும் கொடுத்தார்கள். அன்றைக்கு ஏறிய தலைக்கனம், சுதந்திரம் வந்து ஒரு வருஷமாகியும் இறங்கவில்லை.

ஜஹனாரா அங்கே தற்காலிக உதவியாளர். சிந்தாதிரிப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் ஷரஃபுதீனின் மகள். வேலை நிரந்தரமாகாவிட்டால், பெரம்பூர் தோல் வியாபாரிக்கு இரண்டாம் தாரமாக நிக்காஹ் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அந்த மனுஷருக்கு அவள் அப்பாவின் வயது. நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய பம்பாயிலிருந்து ஒரு பரிசோதகர் வருவதாக இருந்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள் ஃபர்னஸின் கம்பி அறுந்துபோயிற்று. காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஜஹனாரா அபிராமபுரத்து மண்ணை நிழலில் உலர்த்தியே படம் எடுத்துவிட்டாள். முதல் கோடு வழக்கமான இடத்தில் இல்லை; நடுப்புள்ளியை ஒட்டி விழுந்திருந்தது. ஈரம் துளியும் காயாத ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

இசக்கிமுத்து ஃபிலிமை விளக்கில் பிடித்துப் பார்த்தார். இது மைக்கா அல்ல. அடுக்குகளுக்கு நடுவே தண்ணீரை வைத்துக்கொண்டு உப்புகிற மண்; அடுக்குகள் விலக விலக முதல் கோடு நடுப்புள்ளியை நெருங்கும். இத்தனை காலமும் அந்தத் தண்ணீரை நாமே வறுத்து விரட்டிவிட்டு, மிச்சத்துக்கு மைக்கா என்று பேர் வைத்திருக்கிறோம் என்பது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மனுஷர் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள்.

அவர் சிரித்தார். பிரமாதம் என்றார். பரிசோதகர் கண் முன்னாலேயே இன்னொரு படம் எடுத்துக் காட்டு, வேலை உனக்குத்தான் என்றார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஃபர்னஸையும் அன்றே ஆள் வைத்துச் சரி செய்தார்.

பரிசோதகர் வந்த அன்று, ஜஹனாரா மதியத் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், அவள் நிழலில் உலர்த்திக் குப்பியில் வைத்திருந்த பொடியை இசக்கிமுத்து மூசைக் கிண்ணத்தில் கொட்டி, ஃபர்னஸில் நிறம் மாறாத அளவுக்கு வறுத்தார். அவசரமாக விசிறி ஆற்றி, அதே குப்பியில் போட்டு அதே இடத்தில் வைத்தார். பிறகு பரிசோதகரை அழைத்துப்போய், தேங்காய்ப் பாலில் வைத்த குழம்பும் அப்பளமுமாகச் சாப்பிட வைத்தார். திரும்பி வந்த பரிசோதகர் கண் முன்னால் ஜஹனாரா அந்தக் குப்பிப் பொடியைக் குழலில் அடைத்துக் கேமராவில் பூட்டினாள்.

மறுநாள் காலையில் கழுவிய ஃபிலிமில் முதல் கோடு தள்ளியே விழுந்திருந்தது, டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்த அதே இடத்தில். பரிசோதகர் அவள் முன்பு எடுத்த ஃபிலிமை மேஜைமேல் தள்ளிவிட்டு, இது எந்த மண்ணின் படம் என்று கேட்டார். அபிராமபுரத்து மண்தான் என்றாள் அவள். சின்னப் பெண், ஆசையில் ஏதோ செய்துவிட்டாள், பெரிதுபடுத்த வேண்டாம் என்று இசக்கிமுத்துதான் அவளுக்காகப் பரிந்து பேசினார். அந்தப் பரிவே அவளை முடித்துவிட்டது. பொய்ப் படம் காட்டியவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பரிசோதகர் ரயிலேறினார்.

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு வந்து அவள் அவர் முன்னால் நின்றாள்.

"நேத்து குப்பி சூடா இருந்துச்சு சார். வெயில்ல கெடந்துச்சுன்னு நெனச்சேன். நேத்து வெயிலே அடிக்கல."

இசக்கிமுத்து பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வறுத்தா கோடு தள்ளிப் போயிடும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்போ உங்க மண்ணு மைக்கா இல்லன்னும் தெரியும்ல சார்?"

"தெரியும்" என்றார் அவர். அறையில் வேறு யாருமில்லை. "போய்ச் சொல்லேன். பொய்ப் படம் எடுத்தவ சொன்னா யாரு கேப்பாங்க?"

அவள் நகரவில்லை. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை காலி இருந்தது. அதுவாவது கிடைத்தால் பெரம்பூரிலிருந்து தப்பிக்கலாம். அதற்கு இவர் கையால் நன்னடத்தைச் சான்று வேண்டும். அவள் அதைக் கேட்பதற்கு முன்பே அவர் காகிதத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"தாரேன். அந்த டப்பாவுல அபிராமபுரத்து மண்ணு மிச்சம் கெடக்குல்லா? அதையும் ஃபர்னஸ்ல வச்சிட்டு வா. அதுக்குள்ள எழுதி வைக்கேன்."

ஜஹனாரா டப்பாவை எடுத்தாள். பையைக் கீழே வைத்தாள். ஃபர்னஸின் கதவைத் திறந்து, கடைசித் தூள் வரை தட்டிப் போட்டுவிட்டு, அவர் வழக்கமாக வைக்கச் சொல்லும் சூட்டுக்குத் திருகி வைத்தாள்.