மாரிஸ் மைனரும் மாப்பிள்ளை அழைப்பும்

குமரேசனின் மாரிஸ் மைனரைப் பற்றி ஆரணியில் ஒரு பேச்சு உண்டு. போகும்போது பெட்ரோலில் போகும், வரும்போது ஆள்பலத்தில் வரும். அந்தப் பேச்சில் பொய் இல்லை என்பதுதான் அவருக்கு எரிச்சல். பட்டுத் தறி நெய்கிற மனுஷர், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஒரு வக்கீல் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகிடந்த காரை வாங்கி, தேய்த்துத் துடைத்து ஓட வைத்தவர். வேலூர் ரோட்டில் விட்டால் அது குதிரை. கல்யாண ஊர்வலத்தில் விட்டால்தான் கழுதை. மேளம் முன்னே நடக்க, வீட்டுக்கு வீடு ஆரத்திக்கு நின்று ஊர்ந்து போவதற்குள் ஹெட்லைட் மஞ்சளாகி, மங்கி, வண்டி பொசுக்கென்று நின்றுவிடும். மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்க, மச்சான்மார் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவார்கள்.

2008-ல் அவருடைய சொந்த மகள் தேவிப்ரியாவுக்கே கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை விக்னேஷுக்குச் செய்யாரில் கம்பெனி வேலை. மாப்பிள்ளை அழைப்புக்குப் பெண் வீட்டார்தான் வண்டி அனுப்ப வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா சிவப்பிரகாசம் மாரிஸின் பெருமையை எங்கேயோ கேள்விப்பட்டு, நாலு பேர் முன்னால் பேச்செடுத்தார்.

"உங்க வண்டிய வேணான்னு சொல்லல சம்பந்தி. ஆனா நம்ம புது கார் ஒண்ணு பின்னாடியே வந்துகினு இருக்கும். உங்க வண்டி நின்னா மாப்ள அதுல ஏறிடுவான். எம்புள்ளய நடுரோட்ல உக்கார வெச்சி தள்றதெல்லாம் வேணாம்."

குமரேசன் சரி என்று சொல்லிவிட்டார். தன் மகள் கல்யாணத்தில், தான் பிறந்து வளர்ந்த தெருவில், தன் வண்டியிலிருந்து மாப்பிள்ளை இறங்கி வேறு வண்டியில் ஏறினால் மானம் கப்பலேறிவிடும். ஊர்வலத்துக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

மறுநாளே, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு எழிலரசியின் கடைக்குப் போனார். எழிலரசி பெரணமல்லூர்ப் பக்கத்துக்காரி. பவர்லூம் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடையைத் தனியாக நடத்துகிறவள். பொம்பளைக்கு என்ன மோட்டார் வேலை என்று சிரித்தவர்கள்கூட, தறி நின்றுபோனால் செருப்பில்லாமல் அவளிடம் ஓடுவார்கள். அவள் டைனமோவைச் சோதித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அவர் மடியிலேயே வைத்தாள்.

"இது நல்லாதான் கீதுண்ணா."

"அப்பறம் இன்னாத்துக்குமா வண்டி நிக்குது?"

"வேகமா சுத்துனாதான் டைனமோ கரண்ட் குடுக்கும். நீங்க ஊர்வலத்துல ஊர்ந்துகினு போறீங்க. லைட்டு பேட்டரிய குடிச்சிகினே இருக்குது. ஆல்டர்னேட்டர் போடுங்க, அது மெதுவா சுத்துனாலும் குடுக்கும். பழைய மாருதி வேன்து ஒண்ணு கீது, எடுத்துகினு போங்க. பிராக்கெட்டு வெல்டிங் பண்ணி மாட்டி வைங்க. ஒயர் குடுக்கறதுக்கு நான் வரேன்."

கடைசி வார்த்தையை அவர் காதில் வாங்கினாரே தவிர மனதில் வாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் பிராக்கெட் தயார். வெறும் நாலு ஒயர் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். சிவப்போடு சிவப்பு, பச்சையோடு பச்சை. ஆயிரக்கணக்கில் இழை பிணைக்கிற குடும்பத்துக்கு நாலு ஒயர் எம்மாத்திரம்? பேட்டரியிலிருந்து கறுப்பு ஒயர் வண்டியின் பாடிக்குப் போகிறது, அப்படியானால் கறுப்புதான் மைனஸ் என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். சிவப்போடு சிவப்பைச் சேர்த்துப் பேட்டரியை மாட்டினார்.

சடசடவென்று பொறி பறந்தது. ஒயர் உருகி, பானட்டுக்குள்ளிருந்து புகை கிளம்பியது. பதறி பேட்டரியைப் பிடுங்குவதற்குள் ஆல்டர்னேட்டர் செத்துவிட்டது.

வாசலுக்கு வந்த மனைவி திலகவதி புகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இன்னாங்க, நூல் பிணைக்கிற மாதிரி கலர பாத்து சேத்துட்டீங்களா?"

அவர் தலையாட்டினார். வீம்புக்கு வேறு கதை கட்ட அவருக்குத் தெம்பில்லை. எழிலரசி வந்தபோதும் நடந்ததை அப்படியே ஒப்புக்கொண்டார். அவள் திட்டவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"வெள்ளக்காரன் இந்த வண்டிக்கு ப்ளஸ்ஸதாண்ணா பாடில குடுத்துகிறான். நடுவுல எவனோ கைக்கு கெடச்ச ஒயர போட்டுட்டான். நம்ம ஆல்டர்னேட்டருக்கு மைனஸ்தான் பாடி. தலகீழா குடுத்தா எரியாம இன்னா பண்ணும்?"

"இப்ப இன்னாமா பண்றது?"

"வண்டியவே மைனஸ் பாடியா மாத்திடலாம்."

வேலூரில் பழைய சாமான் கடையொன்றில் இன்னொரு ஆல்டர்னேட்டர் கிடைத்தபோது ஊர்வலத்துக்கு இரண்டே நாள் பாக்கி. எழிலரசி பேட்டரியைத் திருப்பி வைத்தாள். இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றினாள். டைனமோவுக்கென்றே இருந்த பழைய கட்-அவுட் பெட்டியைக் கழற்றி எறிந்தாள். ஒவ்வொரு ஒயரும் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே முடிச்சுப் போட்டாள். குமரேசன் குனிந்து குனிந்து ஒயரைப் பிடித்துக்கொடுத்தார். வண்டியை எடுத்ததும் டேஷ்போர்டில் சார்ஜ் லைட் அணைந்தது. சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். மெதுவாக ஓடவிட்டார்கள். அப்போதும் அணைந்தே இருந்தது. ஆனால் வாசலில் நின்றபடி ஓடுவது வேறு, ஊர் பார்க்க ஊர்வலம் போவது வேறு.

மாப்பிள்ளை அழைப்பு பிள்ளையார் கோயிலிலிருந்து ஆறரை மணிக்குக் கிளம்பியது. சீரியல் லைட்டுக்கு ஜெனரேட்டர் வண்டி முன்னே போனது. பின்னால், சொன்ன சொல் தவறாமல், சம்பந்தியின் புது வெள்ளைக் கார் டிரைவரோடு ஒட்டிக்கொண்டே வந்தது. குமரேசன் ஸ்டியரிங்கைவிட சார்ஜ் லைட்டைத்தான் அதிகம் பார்த்தார். ஐந்து ஆரத்தி முடிந்தது. ஹெட்லைட் பால்போல அடித்துக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க நின்ற பையன்கள் தள்ளுவதற்கு வேலையில்லாமல் முகம் வாடினார்கள்.

பெரிய தெரு திரும்பியபோது கரண்ட் போனது. அந்த வருஷம் கரண்ட் போவது புதுசில்லை. ஆனால் அதே நேரம் பார்த்து ஜெனரேட்டரும் இருமி இருமி அடங்கிவிட்டது. சீரியல் லைட் அணைந்தது. மேளம் தடுமாறி நின்றது. பின்னால் வந்த வெள்ளைக் காரின் லைட்டை மாரிஸே மறைத்துக்கொள்ள, முன்னால் தெருவில் மிச்சமிருந்த வெளிச்சம் மாரிஸின் இரண்டு வட்டக் கண்கள்தான்.

"அண்ணா, லைட்ட அப்டியே வெச்சிகினு வாங்க" என்று மேளக்காரர் குரல் கொடுத்துவிட்டு மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். ஊர்வலம் மொத்தமும் காருக்கு முன்னால் வந்து சேர்ந்துகொண்டது. சிவப்பிரகாசமும் அந்த வெளிச்சத்தில்தான் பள்ளம் மேடு பார்த்து நடந்தார். வண்டி ஒரு இருமல்கூட இருமாமல் மண்டப வாசலில் போய் நின்றது.

சிவப்பிரகாசம் ஜன்னலருகே வந்தார்.

"இவ்ளோ தூரம் லைட்டு எரிஞ்சிதே, பேட்டரில எதனா மிச்சம் கீதா? ஆஃப் பண்ணிட்டு திரும்ப எடுங்க சம்பந்தி, பாக்கலாம்."

குமரேசன் சாவியைத் திருப்பினார். இன்ஜின் அடங்கியது. ஹெட்லைட் துளியும் மங்கவில்லை. சாவியைத் திரும்பப் போட்டு ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். ஒரே இழுப்பு. மாரிஸ் உறுமிக்கொண்டு எழுந்தது. தெருவே விசிலடித்தது.

சிவப்பிரகாசம் பின்கதவைத் திறந்து மகனைப் பார்த்தார்.

"கொஞ்சம் நவுந்து உக்காருடா."

"ஆரத்தி தட்டோட நிக்கறாங்களே சம்பந்தி" என்றார் குமரேசன்.

"நிக்கட்டும். இன்னொரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

குமரேசனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்காமலே கியரைப் போட்டார்.