புகைபோக்கியில் ஒரு வெள்ளைக் கோடு

கிரிம்ஸ்பி துறைமுகத்திலிருந்து மீன் பிடிக்கப் போய்வந்த ‘லேடி எட்னா’ கப்பலுக்கு, உலகப் போர் வந்ததும் சாம்பல் நிறம் பூசி, பீரங்கி ஏற்றி, ரோந்துக்கு அனுப்பினார்கள். ஆட்கள் மட்டும் அதே ஆட்கள்தான். மீன்காரன் கையில் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலை உடைக்கிற குண்டைக் கொடுத்தால் வேறு என்ன செய்வான்? மீன் கூட்டம் கிடக்கும் இடமாகப் பார்த்துக் கேப்டன் ரூபன் ஒன்றை உருட்டிவிடுவார். செத்து மிதப்பதை அள்ளிக்கொள்வார்கள். குண்டுக்குப் பதில் சொல்ல வேண்டுமே! “நீர்மூழ்கி தட்டுப்பட்டது, தாக்கினோம்” என்று வயர்லெஸ்ஸில் ஒரு புளுகு. ரேஷன் காலத்தில் தெருவே வறுத்துத் தின்றது. இதில் யார் குடி கெடப்போகிறது என்றிருந்தார் ரூபன்.

கெட்டது. போன மாதம் அந்தப் புளுகை நம்பித் துணைக்கு ஓடி வந்த ‘பெட்ரல்’ என்ற ரோந்துக் கப்பல் கண்ணிவெடியில் மோதிப் பிளந்தது. ஒருத்தரும் பிழைக்கவில்லை. அதில் போன வால்டர், ரூபனின் பக்கத்து வீட்டுக்காரன்.

மேலிடமோ, பெட்ரலை அடித்தது நீர்மூழ்கி, அந்த நீர்மூழ்கியை மூழ்கடித்தது லேடி எட்னா என்று முடிவு கட்டியது. அப்புறம் அந்தப் பக்கம் நீர்மூழ்கியே தென்படவில்லையாம். இருந்தால்தானே! அதற்கு அடையாளமாகப் புகைபோக்கியில் ஒரு வெள்ளை வெற்றிக்கோடு போட்டுக்கொள்ளச் சொல்லி உத்தரவும் வந்தது.

“வாயத் தொறக்காதீங்க கேப்டன்,” என்றான் சமையல்காரன் பெர்சி, பெயிண்டைக் கலக்கிக்கொண்டே. “சொன்னா எல்லாரையும் உள்ள தள்ளிருவாங்க. செத்தவன் வந்துருவானா?”

அப்போதுதான் வால்டரின் மனைவி நெல்லி கப்பலேறி வந்தாள்.

“அந்தக் கோட்ட நான் போடட்டுமா, கேப்டன்?”

ரூபனுக்கு உடம்பே கூசியது. “நெல்லி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்...”

“ஒண்ணும் சொல்லாதீங்க. உங்க நாய் குரைச்சாக்கூட வால்டர் உங்களத்தான் திட்டுவார். ஆனா உங்களுக்கு ஆபத்துன்னதும் ஓடி வந்தாரே! நீங்களும் பழி தீர்த்துட்டீங்க. அதக் கேட்டப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு.”

அவள் தூக்கத்தைக் கெடுப்பானேன் என்று ரூபன் வாயை மூடிக்கொண்டார். அட, என்ன கரிசனம்! தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்பது அவருக்கே தெரியும். தன்னைத்தானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

நெல்லி பிரஷ்ஷை எடுத்தாள். கை நடுங்கிப் பெயிண்ட் அவள் மேலங்கியில் சிந்தியது.

“என்னால முடியல. நீங்களே போடுங்க.”

ரூபன் வாங்கி, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார். வெட்கங்கெட்ட கை, கொஞ்சமும் நடுங்கவில்லை.

“நேரா வந்துருக்கு,” என்று நெல்லி அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.